வீடியோ கேள்வி–பதில்: பெயரை மாற்றினால் ஃபைல் மாறுமா?

வீடியோ ஃபைல்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பலவும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: "இதை எம்பி4 ஆக மாற்ற எந்த மென்பொருள் நல்லது?" பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. எடிட்டிங்தான் என் பிழைப்பு. மாற்றவே தேவையில்லாத வீடியோவை மாற்றி, மூல ஃபைலையும் அழித்துவிட்டு, மங்கிப்போன பிரதியோடு வந்து நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் ஐபோனில் எடுத்து அனுப்பிய பேத்தியின் வீடியோ டிவியில் ஓடவில்லை. பெயரின் கடைசியில் எம்ஓவி என்று இருந்தது. அதை அழித்து எம்பி4 என்று போட்டுப் பார்த்தேன். அப்போதும் "இந்த வடிவம் ஆதரிக்கப்படவில்லை" என்றே வருகிறது. — ஓய்வுபெற்ற ஆசிரியை

பெயரின் வாலை மாற்றினால் ஃபைலுக்குள் எதுவும் மாறாது, அம்மா. எம்ஓவி, எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாமே பெட்டிகள். பெட்டிக்குள் படம் ஒரு முறையில் சுருக்கப்பட்டிருக்கும், ஒலி வேறொரு முறையில் சுருக்கப்பட்டிருக்கும். சுருக்குவதற்கும் விரிப்பதற்குமான அந்த முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். டிவிக்குப் பெட்டியைத் திறக்கவும் தெரிய வேண்டும், உள்ளே இருப்பதைப் படிக்கவும் தெரிய வேண்டும். உங்கள் டிவி இரண்டாவதில்தான் தடுமாறுகிறது.

எதற்காகச் சுருக்குகிறார்கள் என்று கேட்கலாம். வீடியோ என்பது வேகமாக ஓடும் அசையாப் படங்களின் வரிசை, அதில் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். ஃபுல் எச்டி படத்தில் ஒரு ஃபிரேமை அப்படியே சேமித்தால் ஏறக்குறைய 3 எம்பி ஆகும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் நொடிக்கு 78 எம்பி, ஒரு நிமிடத்துக்கு நாலரை ஜிபிக்கும் மேல். அதையே ஐபோன் நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பியில் முடித்துவிடுகிறது. உங்கள் பேத்தி நடந்து வருகிறாள், பின்னால் இருக்கும் சுவர் அசையவில்லை. அந்தச் சுவரை ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக எழுதுவதில்லை. ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களில் எது எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது.

இப்படிச் சுருக்க உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படும் முறை எச்.264. அது 2003இல் வந்தது. பத்து வருடம் கழித்து, அதே தரத்தை ஏறக்குறைய பாதி அளவில் தரும் எச்.265 வந்தது. அதற்கே எச்இவிசி என்றும் பெயர். 2017இல் ஐஓஎஸ் 11 வந்தபோது ஐபோன்கள் இந்தப் புது முறையில் பதிவு செய்யத் தொடங்கின. பழைய டிவிகளின் சிப்புக்கு எச்இவிசி தெரியாது.

ஊகத்தில் எதையும் செய்ய வேண்டாம், முதலில் பாருங்கள். கணினியில் விஎல்சி பிளேயரில் அந்த வீடியோவைத் திறந்து கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். கோடெக் என்ற வரியில் எச்இவிசி அல்லது எச்.265 என்று இருந்தால் நான் சொல்வதுதான் காரணம். அப்படியானால் படத்தை நிஜமாகவே மாற்றித்தான் ஆக வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து, 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுங்கள். எச்.264 கோடெக்கில் ஒரு எம்பி4 கிடைக்கும். பென்டிரைவில் போட்டுப் பாருங்கள்.

ஐபோனிலேயே செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்தால் இனி எடுப்பவை எச்.264 ஆகவே வரும் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மகனிடம் அப்படி மாற்றச் சொல்ல வேண்டாம் என்பேன். போனில் இடம் இரண்டு மடங்கு ஆகும். ஒரு பழைய டிவிக்காகக் குழந்தையின் வீடியோக்கள் எல்லாவற்றையும் பழைய முறையில் எடுக்க வேண்டியதில்லை. டிவிக்கு என்று ஒரு பிரதி செய்துகொள்ளுங்கள், மூலம் மூலமாகவே இருக்கட்டும். மாற்றிய பிரதியில் நிறம் வெளுத்துத் தெரிந்தால் போனில் எச்டிஆர் வீடியோ (வெளிச்சத்தையும் நிறத்தையும் வழக்கத்தைவிட விரிவாகப் பதியும் முறை) ஆன் ஆகியிருக்கிறது என்று பொருள். அதை மட்டும் அணைத்துவிடச் சொல்லுங்கள்.

எம்கேவி ஃபைல் ஒன்று டிவியில் ஓடுகிறது. படம் அருமையாக வருகிறது, சத்தம் மட்டும் இல்லை. கணினியில் சத்தம் கேட்கிறது. முழுப் படத்தையும் கன்வெர்ட் செய்யப் போட்டால் மூன்று மணி நேரம் காட்டுகிறது.

உடனே நிறுத்துங்கள். படம் சரியாக ஓடுகிறதே, அதை எதற்குத் தொட வேண்டும்?

ஒலி டிடிஎஸ் முறையில் இருக்கலாம். அதற்கு உரிமக் கட்டணம் உண்டு என்பதால் சில டிவி நிறுவனங்கள் அதைச் சேர்ப்பதில்லை. கன்ட்ரோல், ஜே அழுத்தி ஒலியின் கோடெக் எது என்று பார்த்துவிடுங்கள். டிடிஎஸ் என்றால் ஒலியை மட்டும் மாற்றினால் போதும்.

அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறங்கள். இடது பக்கம் வீடியோ அவுட்புட் என்ற இடத்தில் 'காப்பி' என்று இருக்கட்டும், அதை மாற்றாதீர்கள். ஆடியோ அவுட்புட்டில் ஏசி3 அல்லது ஏஏசி தேர்ந்தெடுங்கள். அவுட்புட் ஃபார்மட்டில் எம்கேவி மக்சர் அல்லது எம்பி4 மக்சர், எது உங்கள் டிவிக்கு ஒத்துவருமோ அது. பிறகு சேவ். மூன்று மணி நேரம் காட்டியது சில நிமிடங்களில் முடிந்துவிடும், படத்தின் தரமும் கடுகளவு குறையாது. ஏனென்றால் படம் பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் புதிய பெட்டியில் அப்படியே வைக்கப்படுகிறது.

எங்கள் தொழிலில் இதை ரீமக்ஸ் என்போம். எம்கேவியை எம்பி4 ஆக்க வேண்டும் என்று எழுதிய மற்ற வாசகர்களுக்கும் இதே பதில்தான். உள்ளே எச்.264 படமும் ஏஏசி ஒலியும் இருந்தால் இரண்டுக்குமே காப்பி என்று வைத்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக்கில் இது முடியாது. நல்ல மென்பொருள்தான், ஆனால் படத்தை எப்போதும் புதிதாகச் சுருக்கித்தான் தரும். சுருக்கியதை மறுபடி சுருக்கும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று போய்விடுகிறது, போனது திரும்பாது.

ஆன்லைனில் இலவசமாக மாற்றித் தரும் தளங்களைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். உங்கள் வீட்டு வீடியோவை முகம் தெரியாத ஒருவரின் சர்வரில் ஏற்றுகிறீர்கள். அதோடு, இப்படிப்பட்ட சில தளங்கள் மாற்றிய ஃபைலோடு தீய மென்பொருளையும் சேர்த்து அனுப்புகின்றன என்று அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது. மென்பொருளை இறக்கும்போதும் கவனம் தேவை. தேடலில் விளம்பரமாக முதலில் வருவதைத் தொடாதீர்கள், அதை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்துக்கே போங்கள்.

ஒரு மணி நேர வகுப்பு வீடியோ 4 ஜிபி இருக்கிறது. 200 எம்பிக்குள் கொண்டுவர வேண்டும், தெளிவும் குறையக் கூடாது. வழி உண்டா? — கல்லூரி மாணவர்

கணக்கைப் போட்டுப் பார்ப்போம், தம்பி. எம்பி என்பது மெகாபைட், ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆக 200 எம்பி என்பது 1600 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 3600 நொடி. வகுத்தால் நொடிக்கு 0.44 மெகாபிட்தான் கிடைக்கிறது. அதில் ஒலிக்கு 128 கிலோபிட் கொடுத்துவிட்டால் படத்துக்கு மிஞ்சுவது 0.3 மெகாபிட் சொச்சம். உங்கள் மூல ஃபைலில் நொடிக்கு ஏறக்குறைய 9 மெகாபிட் இருக்கிறது. இந்த இடைவெளியை எந்த மென்பொருளாலும் மறைக்க முடியாது.

ஆனால் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. வகுப்பு வீடியோவில் அசைவு குறைவு. ஸ்லைடு நிமிடக்கணக்கில் அப்படியே நிற்கும், மூலையில் ஆசிரியரின் முகம் மட்டும் அசையும். முதல் பதிலில் சொன்ன சுவர் இங்கே திரை முழுக்க இருக்கிறது. எனவே இதுவரை சொன்ன கணக்கு ஒரு நடன வீடியோவைக் கொன்றுவிடும், உங்கள் வகுப்பைக் கொல்லாது.

ஹேண்ட்பிரேக்கில் இப்படிச் செய்யுங்கள். கோடெக் எச்.265. பார்க்கப்போகும் எல்லாரிடமும் அது ஓடுமா என்று உறுதியில்லை என்றால் எச்.264. டைமென்ஷன்ஸ் பகுதியில் 1080-ஐ 720 ஆக்குங்கள். ஃபிரேம் ரேட் 15 போதும், ஸ்லைடு பார்க்க அதற்கு மேல் வேண்டாம். ஒலியை மோனோ ஆக்கி 64 கிலோபிட்டுக்குக் குறையுங்கள். பேச்சுக்கு அது தாராளம்.

தரத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நொடிக்கு இத்தனை பிட் என்று கட்டளையிடுவது. இன்னொன்று, ஆர்எஃப் என்ற ஒரு எண்ணை வைப்பது. ஆர்எஃப் வைத்தால் அசைவு அதிகமான இடத்தில் அதிக பிட்டும், அசையாத இடத்தில் குறைவாகவும் அதுவே பங்கிட்டுக்கொள்ளும். எண் ஏற ஏறத் தரமும் அளவும் குறையும். எச்.264இல் ஆறு எண் ஏற்றினால் அளவு ஏறக்குறைய பாதியாகும். 1080பி படத்துக்கு 20 முதல் 24 வரை வைக்கச் சொல்கிறார்கள் ஹேண்ட்பிரேக் உருவாக்கியவர்கள். உங்களுக்கு 26இல் தொடங்கலாம்.

ஒரு மணி நேரத்தையும் ஓடவிட்டுக் காத்திருக்காதீர்கள். ரேஞ்ச் என்ற இடத்தில் 'செகண்ட்ஸ்' என்று மாற்றி, ஸ்லைடில் சிறிய எழுத்து அதிகமாக இருக்கும் ஒரு நிமிடத்தை மட்டும் கொடுங்கள். வந்த துண்டை முழுத்திரையில் வைத்து அந்த எழுத்தைப் படித்துப் பாருங்கள். படிக்க முடிகிறதா, அந்தத் துண்டின் அளவை அறுபதால் பெருக்கினால் 200-க்குள் வருகிறதா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டு எண்ணை ஏற்றி இறக்குங்கள். படிக்க முடியவில்லை என்றால் 200 எம்பி என்ற வரம்பைத்தான் மாற்ற வேண்டும். படிக்க முடியாத பாடத்தைச் சின்னதாக்கி என்ன பயன்?

பழைய வீடியோவை 4கே ஆக மாற்றினால் தெளிவு கூடுமா?

கூடாது. ஃபைல்தான் பெருக்கும்.

எங்கள் கல்யாண டிவிடியை எம்பி4 ஆக மாற்றினோம். நடந்துபோகிறவர்களின் ஓரங்களில் கோடு கோடாகத் தெரிகிறது. எல்லாரும் கொஞ்சம் ஒல்லியாகவும் தெரிகிறார்கள். நான்கு துண்டாக வேறு வந்திருக்கிறது. டிவிடி இனி தேவையில்லையே, எறிந்துவிடலாமா?

எறிய வேண்டாம், தயவுசெய்து. கோடு, ஒல்லி, துண்டு மூன்றுமே சரிசெய்யக் கூடியவை. ஆனால் டிவிடி கையில் இருந்தால்தான்.

துண்டு எப்படி வந்தது? டிவிடியில் படமும் ஒலியும் இருப்பது விஓபி என்ற ஃபைல்களில். அப்படி ஒரு ஃபைல் 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதனால் ஒரே நிகழ்ச்சி பல ஃபைல்களாகப் பிரிந்து கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறீர்கள். ஹேண்ட்பிரேக்கில் தனித்தனி ஃபைலைத் திறக்காமல் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரையே திறந்தால் முழு நிகழ்ச்சியும் ஒரே தலைப்பாகத் தெரியும்.

முகங்கள் ஒல்லியானதற்கு விகிதம் தவறியதுதான் காரணம். நம் ஊர் டிவி முறையான பிஏஎல் (பால்) முறை டிவிடியில் படம் 720க்கு 576 புள்ளிகளாகச் சேமிக்கப்பட்டிருக்கும். காட்டும்போது அதை 4:3 விகிதத்துக்கோ 16:9 விகிதத்துக்கோ இழுத்துக் காட்ட வேண்டும் என்ற குறிப்பும் உள்ளேயே இருக்கும். நீங்கள் முன்பு பயன்படுத்திய மென்பொருள் அந்தக் குறிப்பைக் கைவிட்டுவிட்டது. டைமென்ஷன்ஸ் பகுதியில் அனமார்ஃபிக் என்பதை 'ஆட்டோமேட்டிக்' என்று வைத்துவிடுங்கள்.

கோடுகளுக்கு வருவோம். அந்தக் காலத்து வீடியோ கேமராக்கள் முழு ஃபிரேமை ஒரே நேரத்தில் பதியவில்லை. ஒற்றைப்படை வரிகளை முதலிலும், இரட்டைப்படை வரிகளை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் பதிந்தன. பழைய குழாய் டிவியும் அதே வரிசையில் வரைந்ததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்றைய திரை இரண்டையும் சேர்த்து ஒரே படமாக வைக்கிறது. அந்த இடைவெளியில் நடந்துபோனவர் நகர்ந்துவிட்டார் அல்லவா? அவருடைய ஒற்றை வரிகள் ஓரிடத்திலும் இரட்டை வரிகள் சற்றுத் தள்ளியும் நிற்கின்றன. சும்மா உட்கார்ந்திருப்பவர்களிடம் இந்தக் கோடு தெரியாது, கவனித்துப் பாருங்கள்.

ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் 'பிடபிள்யூடிஃப்' அல்லது 'யாடிஃப்' வையுங்கள். அதிலேயே 'பாப்' என்ற தேர்வு இருக்கும். அதை வைத்தால் ஒவ்வொரு பாதியிலிருந்தும் ஒரு முழுப் படம் உருவாகி, நொடிக்கு 50 ஃபிரேம் கிடைக்கும். ஃபிரேம் ரேட்டையும் 50 என்று மாற்ற மறக்காதீர்கள். நான் எப்போதும் பாப்தான் வைக்கிறேன். அன்று டிவியில் பார்த்தபோது இருந்த அந்த வழுக்கிச் செல்லும் அசைவு அதில்தான் திரும்ப வருகிறது. பாதியைக் கழித்து 25 ஆக்கினால் ஓட்டம் இடறும். ஆர்எஃப் 18 வையுங்கள். இது திரும்ப எடுக்க முடியாத நாள், இடத்தைச் சேமிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

முதலில் நீங்கள் மாற்றியதில் கோடுகள் படத்தோடு சேர்த்தே சுருக்கப்பட்டுவிட்டன. அந்த எம்பி4-ஐ வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்தால் அரைகுறையாகத்தான் வரும். டிவிடியிலிருந்தே தொடங்குங்கள். டிவிடி தட்டு காலப்போக்கில் கெடும் என்பதால் அதன் முழுப் பிரதி ஒன்றை ஐஎஸ்ஓ ஃபைலாக எடுத்து வெளி ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள், அதிகம் போனால் 8 ஜிபிதான் ஆகும். நாளை இதைவிட நல்ல ஃபில்டர் வரும். அன்று அந்த ஐஎஸ்ஓ வேண்டும்.

தமிழ் சப்டைட்டில் சில ஃபைல்களில் கட்டமாகவும் சிலவற்றில் கேள்விக்குறியாகவும் வருகிறது.

இரண்டும் வேறு வேறு நோய். கட்டம் என்றால் எழுத்து இருக்கிறது, பிளேயரிடம் தமிழ் எழுத்துரு இல்லை. விஎல்சியில் சப்டைட்டில் எழுத்துருவை நிர்மலா யூஐ அல்லது லதா என்று மாற்றினால் சரியாகும். கேள்விக்குறி என்றால் யாரோ சப்டைட்டில் இருக்கும் எஸ்ஆர்டி ஃபைலை, தமிழ் எழுத்துக்கு இடமில்லாத ஏஎன்எஸ்ஐ முறையில் சேமித்து எழுத்துகளை இழந்திருக்கிறார்கள். அந்த ஃபைல் மீளாது, மூலத்தைத் தேடி, தமிழுக்கு இடமுள்ள யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க வேண்டும். ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிந்தால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. அதை யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம்.

டிவிக்கே தமிழ் எழுத்துரு இல்லையென்றால் படத்தின் மேலேயே எழுத்தைப் பதித்துவிடுவதுதான் வழி. ஹேண்ட்பிரேக்கில் 'பர்ன் இன்'. முழுதாக மாற்றுவதற்கு முன் ஒரு நிமிடத் துண்டு எடுத்து, கொ, கோ, கௌ வரும் சொற்களைப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டு இடம் மாறி நின்றால் எழுத்துருவை மாற்ற வேண்டும்.

போனில் எடுத்த பேட்டியை எடிட்டிங் மென்பொருளில் போட்டால் ஆரம்பத்தில் உதடும் குரலும் சேர்ந்து வருகின்றன. போகப் போக விலகிவிடுகின்றன.

ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு விலகியிருந்தால் ஒலியை நகர்த்திவைத்தால் போதும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் விஎல்சியில் ஜே, கே விசைகள் 50 மில்லிநொடி வீதம் நகர்த்தும். போகப் போக விலகுகிறது என்றால் ஃபிரேம் ரேட் நிலையாக இல்லை. போன் நொடிக்கு 30 என்று சொன்னாலும் வெளிச்சம் குறைந்த இடத்தில் 24, 20 என்று தானே குறைத்துக்கொள்ளும். பிளேயருக்கு அது பிரச்சினையில்லை. சில எடிட்டிங் மென்பொருள்கள் எல்லா ஃபிரேமும் ஒரே இடைவெளியில் இருக்கிறது என்று நம்பி அடுக்குகின்றன, படம் முந்திக்கொள்கிறது.

மீடியாஇன்ஃபோ என்ற சின்ன மென்பொருளில் ஃபைலைத் திறந்தால் 'ஃபிரேம் ரேட் மோட்: வேரியபிள்' என்று காட்டும். எடிட் தொடங்கும் முன்பே ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். எடிட் முடிந்து இன்னொரு முறை சுருக்கப்போகிறீர்கள் என்பதால் இங்கே ஆர்எஃப் 16 வரை இறக்கலாம்.

பதிவு செய்துகொண்டிருக்கும்போதே கேமரா பேட்டரி தீர்ந்துவிட்டது. ஃபைல் 2 ஜிபி இருக்கிறது, எதிலும் திறக்கவில்லை. எத்தனையோ கன்வெர்ட்டர் போட்டுப் பார்த்துவிட்டேன்.

கன்வெர்ட்டர்கள் இங்கே உதவாது. எம்பி4 ஃபைலில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று உண்டு, மூவ் என்று பெயர். பெரும்பாலான கேமராக்கள் அதைப் பதிவு முடிந்த பிறகு கடைசியில் எழுதுகின்றன. உங்கள் கேமராவுக்கு அந்தக் கடைசி வாய்ப்பு கிடைக்கவில்லை. 2 ஜிபி இருக்கிறது என்றால் படம் உள்ளே இருக்கிறது, அட்டவணைதான் இல்லை. நம்பிக்கையை விடாதீர்கள்.

அந்த மெமரி கார்டில் இனி எதையும் பதியாதீர்கள். ஃபைலைக் கணினியில் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். பிறகு வேறு கார்டு போட்டு, அதே கேமராவில், அதே ரெசல்யூஷன், அதே ஃபிரேம் ரேட்டில் ஒரு நிமிடம் எதையாவது எடுத்து முறையாக நிறுத்துங்கள். அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவிக்கு இந்த நல்ல ஃபைலையும் உடைந்த ஃபைலையும் சேர்த்துக் கொடுத்தால், நல்லதைப் பார்த்து உடைந்ததற்கு அட்டவணையை மீண்டும் எழுத முயலும். கேமராவின் அமைப்பு ஒன்று மாறியிருந்தாலும் பொருந்தாது. அதனால் அன்று என்ன வைத்திருந்தீர்கள் என்பதை அதே கார்டில் உள்ள பழைய பதிவு ஒன்றை மீடியாஇன்ஃபோவில் திறந்து சரிபார்த்துவிட்டு எடுங்கள்.